புகை வராத மருந்து

19-1-2025, ஞாயிறு.

பத்தாம் தேதிப் பக்கத்தில் ஒரு தவறு எழுதியிருக்கிறேன். ‘ஃபியூமிகன்ட் - புகை போடும் மருந்து’ என்று. தவறை அழிக்கக் கூடாது, படிக்கும்படி ஒரே கோடு போட வேண்டும் என்பார் மாலை வகுப்பு டீச்சர் செந்தமிழ்ச்செல்வி. கோடு போட்டுவிட்டேன். மற்றதை எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பத்தாம் தேதி, வெள்ளி. அடிவாரத்தில் வேன் எங்கள் பதினோரு பேரையும் ஏற்றியபோது மணி ஐந்து. கரியாலூருக்கு மேலே, தீனதயாளன் குத்தகைக்கு எடுத்திருக்கும் உருளைக்கிழங்கு நிலத்தில் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. மண் கால் வைக்க முடியாதபடி குளிர்ந்தது. சொட்டுநீர்க் குழாய்களுக்கு மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களில் மண் தள்ளி மூடினோம். காற்று தாளைப் பிடுங்கியது. மேலே படுத்து வயிற்றால் அழுத்திக்கொண்டே மண் போட்டோம். பிறகு குழாய் வழியே மருந்து விட்டார்கள். கேனைத் தூக்கிக் கொடுக்கும்போது லேபிளில் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டினேன்.

“இன்னாடி எழுதிக்கீது?” என்றாள் பாப்பாத்தி அக்கா.

சாப்பாட்டுப் பையிலிருந்த சின்ன அகராதியைப் பார்த்தேன். புகையூட்டும் பொருள்.

“புகை போடுற மருந்துக்கா. மண்ணுல இருக்கிற நோயக் கொல்றதாம். புகை போற வரைக்கும் கிட்ட போவக் கூடாது.”

“கொழந்தைக்கு சாம்பிராணி காட்டறா மாதிரியா? அப்ப நெலத்துக்கு சளி புடிச்சிக்கினு கீதுன்னு சொல்லு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் படித்த ஒரு சொல் நாலு பேருக்கு உதவியது என்று எனக்குள் சந்தோஷம். ‘புகை போற வரைக்கும் கிட்ட போவக் கூடாது’ என்ற பகுதி லேபிளில் நான் படித்ததல்ல. நானே சேர்த்துக்கொண்டது.

அந்த நிலத்துக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை. முதல் வருடம் இதே மருந்துக்குப் பிறகு கிழங்கு ஆற்றுக்கல் போல வழவழப்பாக வந்தது. போன வருடம் பாதிக் கிழங்கில் சொறி. மூட்டைக் கணக்கில்தான் எங்களுக்குக் கூலி, அதனால் கூலியும் குறைந்தது. நிலத்துக்காரர் வேடியப்பன் அண்ணன், குத்தகைக்கு விட்ட தன் நிலத்திலேயே எங்களோடு கூலிக்கு நிற்கிறார்.

“முன்னல்லாம் ஏரு ஓட்டும்போது பின்னாடியே கொக்கு வரும். இப்ப ஒண்ணுகூட வர்றதில்ல. புழு இல்லாத மண்ணுல அதுக்கு இன்னா வேல?” என்பார்.

கையில் அள்ளினால் மண் சாம்பலாக உதிர்கிறது. தண்ணீர் விட்டால் இறங்காமல் மேலேயே நிற்கிறது. இதற்குத் தீனதயாளன் கண்ட வழி, இந்த வருடம் மருந்தை ஜாஸ்தியாக்கியது.

பதினேழாம் தேதி, வெள்ளி. விதைக்கிழங்கு முளைவிட்டுவிட்டது, தாளை எடுங்கள் என்று மேஸ்திரி பழனி அவசரப்படுத்தினார். பாப்பாத்தி அக்காதான் எப்போதும் முதல் ஆள். தாளின் ஓரத்தைத் தூக்கினாள். முழங்காலிட்டுக் குனிந்து, புகை இருக்கிறதா என்று பார்க்கத் தலையை உள்ளே நுழைத்தாள்.

“புகையக் காணோம். வாங்கடி!”

அடுத்துக் கேட்டது இருமல்தான். கடுகு கருகியது போன்ற நெடி எங்கள் மூக்கிலும் ஏறியது. அவள் கண்களில் கைகளை அழுத்திக்கொண்டு வெளியே உருண்டாள். முகத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். வேனில் அவள் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு மூச்சும் துணி கிழிவது போல வந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மருந்து என்று கேட்டார். அந்தச் சொல்லைச் சொன்னேன். புகை போடும் மருந்து என்றும் சொன்னேன்.

“இதுல புகை வராதும்மா. கண்ணுக்குத் தெரியாத வாயு. மலைக் குளிர்ல மண்ண விட்டுப் போக இன்னும் பல நாள் ஆகும்.”

கண்களைக் கட்டியிருந்த பாப்பாத்தி அக்காவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். என் கையைத் தடவிப் பிடித்தாள்.

“நான் நல்லாத்தான் பாத்தேன் பாரதி. புகை வரவே இல்ல.”

வலது கண்ணில் பார்வை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

நேற்று, சனி. தீனதயாளன் காரில் வந்து வரப்பில் நின்றார். நாங்கள் நிலத்தில் இறங்கவில்லை.

“ஒரு பொம்பள போயி தாளுக்குள்ள மூஞ்ச வுட்டா அதுக்கு நானா பொறுப்பு? லேபிள்ல எல்லாம் போட்டிருக்கு. உங்க படிச்ச பொண்ணுதான தப்பா சொல்லிச்சாம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா. நான்தான் தப்பா சொன்னேன்” என்றேன்.

இருசம்மாள் அக்கா முன்னால் வந்தாள். பாப்பாத்தி அக்காவின் நாத்தனார். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போனாள்.

“அவ தப்பா படிச்சா சார். நீங்க சரியா படிச்சவருதான? ஏன் எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லல?”

அவர் பழனியைப் பார்த்தார். பழனி தரையைப் பார்த்தார்.

“நீங்க இல்லாட்டி வேற ஆள் வருவாங்க” என்றார் தீனதயாளன்.

“வரட்டுங்க. அவங்களாண்டயும் சொல்றோம்.”

வேடியப்பன் அண்ணன் தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கி வைத்தார். “இனிமே இந்த மண்ணுல அந்த மருந்து எறங்கக் கூடாதுங்க.”

“குத்தகப் பத்திரம் எங்கிட்ட இருக்கு. அடுத்த வருசம் வரைக்கும் நான் வெச்சதுதான் சட்டம்.”

“பத்திரம் உங்களுதுங்க. அப்புறம் அந்த மண்ண வெச்சிக்கினு பொழைக்கப் போறது நானு.”

கார் போய்விட்டது. கூலி இல்லாமல் மலைப் பாதையில் நடந்தே இறங்கினோம். வழியெல்லாம் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று இருசம்மாள் அக்கா வீட்டு வாசலில் மனு எழுதினோம். மூன்று கோரிக்கைகள்: பாப்பாத்தி அக்காவின் வைத்தியம் முழுக்க முதலாளியின் பொறுப்பு. அதிகாரிகள் மண்ணைச் சோதித்து ஆபத்தில்லை என்று எழுதித் தரும்வரை யாரும் அங்கே இறங்கமாட்டோம். அந்த நிலத்தில் மறுபடி அந்த மருந்து கூடாது. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை உரக்கப் படித்தேன். புரியாத சொல் இருந்தால் நிறுத்தச் சொன்னேன். நான்கு முறை நிறுத்தினார்கள். நான்கையும் மாற்றினேன்.

சாயங்காலம் மனுவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். என் தவறை அக்காவிடம் நானே சொன்னேன்.

“நீயாவது எனக்குச் சொல்லணும்னு நெனச்ச” என்றாள். கட்டை விரலை நீட்டினாள். “மொத பேரு என்துதா? எங்க வெக்கணும், புடிச்சி வையி.”

பிடித்து வைத்தேன். கீழே மற்ற பத்துப் பேரும் வைத்தோம். பன்னிரண்டாவதாக வேடியப்பன் அண்ணன்.

நாளை திங்கள், கலெக்டர் ஆபீசில் மனு நாள். ஐந்து மணிக்கு வேன் வரும், யாரும் ஏறுவதில்லை. வேறு ஆட்கள் வந்தால் சொல்வதற்கு இருசம்மாள் அக்காவும் வேடியப்பன் அண்ணனும் வேன் நிற்கும் இடத்தில் இருப்பார்கள். மற்றவர்கள் ஏழு மணி பஸ்ஸில் கள்ளக்குறிச்சி. மனுவை இரண்டு நகல் எடுக்க வேண்டும்.