கதவில்லாத கார்

லோர்னா பெட்ராசெக்குக்கு அந்தக் கார் வடிவமைப்பு ஸ்டுடியோவில் சீட்டும் துணியும்தான் வேலை. காரின் வெளி உருவம் ஆண்களின் இலாகா. அதன் தலைவர் ஹார்லன் வாஸ், ஜெட் விமானம் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் கதவுகளை வெறுத்தார்.

"கதவு வெச்சா பக்கத்துல கோடு விழும். கோடு விழுந்தா அது பால் வண்டி" என்பார்.

ஆகவே 1955ஆம் வருடக் கண்காட்சிக்கு அவர் வரைந்த கனவுக் காரில் கதவே இல்லை. கூரைக்குப் பதில் ஒரு பெரிய பிளாஸ்டிக் குமிழ். பொத்தானை அழுத்தினால் மோட்டார் அதைத் தூக்கும், இறக்கும்.

டெட்ராய்ட்டில் திறப்பு நாளன்று வாஸே ஏறி உட்கார்ந்தார். குமிழ் இறங்கியது. படம் பிடித்தார்கள். மறுபடி பொத்தானை அழுத்தியபோது மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது.

தலைக்கு மேலே பன்னிரண்டு விளக்குகள். பத்தே நிமிடத்தில் வாஸின் முகம் சிவந்து, வியர்வை வழிந்தது. இரண்டு கைகளையும் ஆட்டினார். கூட்டமும் பதிலுக்குக் கையாட்டியது.

"பெரிய ஆளு, ஆனா எவ்ளோ தன்மை பாருங்க" என்றாள் ஒருத்தி தன் கணவனிடம்.

லோர்னா மோட்டார் மெக்கானிக் டியூவியைத் தேடிப் பிடித்தாள். "உடைச்சிடலாமா?"

"சில்லெல்லாம் அவர் மூஞ்சியிலதான் இறங்கும், மேடம்."

"கழட்டறதுக்கு?"

"ஒரு மணி நேரம். அதுக்குள்ள வெந்துருவார்."

சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே மெல்லிய பலகைதான் என்பது அவளுக்குத் தெரியும். டியூவியின் கத்தியை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, டிக்கிக்குள் தவழ்ந்தாள். பலகையைப் பெயர்த்தாள். சீட்டின் வெள்ளைத் தோல் உறையைத் தைக்க அவளுக்கு நான்கு மாதம் பிடித்திருந்தது. ஒரு கணம் தயங்கினாள். பிறகு குறுக்கே கிழித்தாள்.

வாஸ் டிக்கி வழியே தலையை முதலில் நீட்டி வெளியே வந்தார், காதெல்லாம் பஞ்சு. கூட்டம் கைதட்டியது.

"இது அவசர வழியா சார்?" என்றார் ஒரு நிருபர்.

வாஸ் மூச்சு வாங்கினார். "ஆமா. மிஸ் பெட்ராசெக்கோட யோசனை."

திங்கட்கிழமை காலை அவர் ஒரு காகிதச் சுருளோடு அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"வெளிப்பக்கம் வரையத் தெரியுமா?"

"ஏழு வருஷமாத் தெரியும் சார்."

"கதவு போடணும். கோடு தெரியக் கூடாது."

"கதவுன்னா கோடு தெரியத்தான் செய்யும் சார்."

அவர் சுருளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்று லோர்னா மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை; சுருளை விரித்து வரைந்துகொண்டிருந்தாள்.