பட்டியலில் வந்த படம்

வளர்த்த நாயை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றதற்காக றெனோல்டுக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. மிருகங்களை வதைத்துத் தண்டனை பெற்றவர்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுகிற பட்டியலில் அவனுடைய பெயரும் படமும் வந்தன. துறைமுகத்தில் அவனோடு வேலை செய்தவர்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தேவாலயத்தில் ஞாயிற்றுப் பூசையின்போது அவனிருந்த நீள வாங்கில் வேறு ஒருவரும் இருக்கவில்லை.

றெனோல்ட் கத்தவில்லை. அதுதான் மனைவி ஜெயனிக்குப் பயமாக இருந்தது.

"நான் நாயை அடிச்சதை வீடியோ எடுத்துப் பொலிசுக்குக் குடுத்தது கீழ்வீட்டுக் கிழவிதான்," என்றான், சாப்பிட்டுக்கொண்டே. "அவள் தனியத்தானே இருக்கிறாள்?"

கீழ்வீட்டு மடாம் ஒடெட்டுக்கு ஒன்றும் தெரியாது. குசினி ஜன்னலால் அந்த வீடியோவை எடுத்தவள் ஜெயனி.

அதன்பிறகு அவன் ஒடெட்டைக் காணும்போதெல்லாம் சிரித்து "போன்ஜூர்" சொன்னான். அவளுடைய மகன் எந்தெந்த நாளில் அவளைப் பார்க்க வருவான் என்று அக்கறையாக விசாரித்தான்.

சனிக்கிழமை காலை ஒடெட் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தாள். ஜெயனி கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிப்படிக்கட்டில் பாதி இறங்கி, மேலே கதவடியில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மனுசியை விடுங்கோ. வீடியோ எடுத்தது நான்தான்."

அவன் கதவை அகலத் திறந்தான்.

"குளிருக்குள்ள நிக்காத," என்றான் மெதுவாக. "உள்ளுக்கு வா, கதைப்பம்."

ஜெயனி மிச்சப் படிகளையும் இறங்கினாள். திகைத்து நின்ற ஒடெட்டின் கையைப் பிடித்து அவளுடைய வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினாள். பொலிசுக்குப் போன் எடுத்துப் பேசத் தொடங்கியபோது, வெளியே அவன் அவசரமில்லாமல் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது.