கத்தரிப் பாத்தி

விமலாராணி டீச்சருக்கு வாயை அடக்கத் தெரியாது. கோயமுத்தூரிலிருந்து மாற்றலாகி, காங்கேயம் பக்கத்தில் இருந்த அந்தத் தொடக்கப்பள்ளிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொண்ணூற்று நாலாம் வருஷம். நாலாம் வகுப்பில் உழவுத் தொழில் என்று ஒரு பாடம் வந்தது. புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் கிடந்த நிலத்தில் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்தாள். எந்தப் பாத்தி நன்றாகக் காய்க்கிறதோ அந்தக் காய்தான் சத்துணவுச் சாம்பாருக்கு, அன்றைக்கு அந்தப் பிள்ளையே கரண்டி பிடித்து எல்லாருக்கும் பரிமாறும் என்று வாக்கும் கொடுத்தாள்.

அதை நம்பி உயிரைக் கொடுத்தவள் பாவாத்தாள். காலனிப் பிள்ளை. பெரிய தோட்டத்துக் கோபாலசாமியிடம் களையெடுக்கப் போகும் பழனியாத்தாளின் மகள். சாணி பொறுக்கிப் போட்டாள், பூச்சிக்குச் சாம்பல் தூவினாள், லீவு நாளிலும் குடத்தோடு வந்து நின்றாள். மற்ற பாத்திகள் காய்ந்து கிடக்க, அவள் கத்தரி மட்டும் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. பரிமாறும்போது கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று டீச்சரிடம் நாலு தடவையாவது கேட்டிருப்பாள்.

குறித்த நாள் காலையில் அவளே காய் பறித்துச் சமையல்காரம்மாவிடம் கொடுத்தாள். உலை கொதிக்கும்போது கோபாலசாமி வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“ஏனுங்க டீச்சர், பாடமெல்லாம் நல்லா நடத்துறீங்க. அந்தப் புள்ளை கையில கரண்டி மட்டும் வேண்டாமுங்க. அப்புறம் ஒரு புள்ளையும் பள்ளிக்கோடம் வராதுங்க.”

அவர் வீட்டுக் கத்தரிக்காயைத் தினமும் பறிப்பது பழனியாத்தாள்தான். அது டீச்சருக்கும் தெரியும். இருந்தும் சரிங்க என்றாள். வாக்குக் கொடுக்க மட்டும் வாய் எவ்வளவு நீளம்!

பாவாத்தாள் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“உன் காய் கசந்துபோச்சு கண்ணு. கடையில வாங்கித்தான் சாம்பார் வெச்சிருக்கு.”

கோபாலசாமியின் மகன் சரவணன் பரிமாறினான். அவன் பாத்தியில் புல்தான் முளைத்திருந்தது. பிள்ளைகள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றார்கள். பாவாத்தாள் கடைசியில் உட்கார்ந்து, தன் காயைத் தானே மென்றுவிட்டு, கடைக்காய் நல்லா இருக்குதுங்க என்று டீச்சரிடம் சொன்னாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பாவாத்தாள் பாத்திக்குப் போனாள். பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினாள். டீச்சர் ஓடி வருவதற்குள் பாதிப் பாத்தி வெறும் மண்ணாகிவிட்டது. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டபோது அவள் நிமிரவில்லை.

“கசக்கற செடிக்கு எதுக்குங்க தண்ணி? இனிமே சரவணன் பாத்திக்கு ஊத்தறேனுங்க டீச்சர்.”