இடது பக்கத்துப் பின்னல்

பகலெல்லாம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திவிட்டு ராஜகீழ்ப்பாக்கம் நடனக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது ஜெரூஷாவுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. ஆடுபவர்கள் உடைக்கு மேலே, தோளிலிருந்து இடுப்புவரை அணியும் கயிற்றுக் கச்சைகளைப் பின்னித்தர ஒப்புக்கொண்டிருந்தாள். முடிச்சு போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. மற்றவர்களுடையது முடிந்துவிட்டது. பாக்கி ஸ்ம்ருதி ஒருத்திதான்.

ஸ்ம்ருதி போட்டுப் பார்த்தாள். மார்பின் நடுவே பூவாக விரிய வேண்டிய முடிச்சு இடப்பக்கம் சரிந்து தொங்கியது. ஜெரூஷா இழுத்துக் கட்டினாள். மறுபடியும் சரிந்தது.

"அளவு தப்பா எடுத்துட்டேன் போல."

"இல்லங்க, சரியாதான் எடுத்தீங்க. அன்னிக்கு உள்ள பஞ்சு வெச்சிருந்தேன்," என்றாள் ஸ்ம்ருதி. "போன வருஷம் ஆபரேஷன். இடது பக்கம் எடுத்துட்டாங்க."

நடனத்தை அமைத்த ரமா குறுக்கிட்டாள். "இன்னிக்கும் வெச்சுக்கோயேம்மா. வெளிய தெரியாது."

"ஆடறப்ப நகர்ந்துடுமோன்னு அதே நெனப்பா இருக்குக்கா. வெச்சு வெச்சு அலுத்துப்போச்சு."

ஜெரூஷா கச்சையைக் கழற்றி வாங்கி, உட்கார்ந்து அவிழ்த்தாள். பின்னியதெல்லாம் மடியில் வெறும் கயிறாகச் சுருண்டது. அழுகை வந்தது, அழவும் அலுப்பாக இருந்தது.

பிறகு எழுந்து, ஸ்ம்ருதியின் உடம்பின் மேலேயே கட்டத் தொடங்கினாள். நடுவில் பூவை விட்டுவிட்டாள். வலது தோளிலிருந்து கயிறுகளை இறக்கி, தட்டையாக இருந்த இடத்தில் சின்னச் சின்ன முடிச்சுகளாக நெருக்கிப் பின்னினாள்.

"வலிச்சா சொல்லுங்க."

"அங்க தொட்டாலே தெரியாது. மூச்சு விட முடிஞ்சா போதும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்ம்ருதி கைகளை உயர்த்தி ஒரு சுற்று சுற்றினாள். கயிறு அசையவில்லை.

"நல்லாதான் இருக்கு," என்றாள் ரமா. "ஆனா மத்தவங்களோட மேட்ச் ஆகலயே. எல்லாருக்கும் இப்படியே மாத்திடலாமா?"

"முடியாதுக்கா." ரமாவிடம் ஜெரூஷா அதுவரை அப்படிச் சொன்னதே இல்லை. "ஒருத்தருக்கு வேற மாதிரி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

ரமாவின் முகம் சுருங்கியது. ஆனால் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் ஸ்ம்ருதி பஞ்சில்லாமல் ஆடினாள். அவள் ஆடிய பகுதி முடியும்வரை ஜெரூஷா கடைசி வரிசையில் கண்கொட்டாமல் பார்த்தாள். அப்புறம் தூங்கிப்போனாள். கைதட்டலில் விழித்தபோது எல்லாரும் மேடையில் வரிசையாக நின்று வணங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருந்துதில்ல?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"ரொம்ப," என்றாள் ஜெரூஷா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.