காலையில் ஒரு கை

தையலக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். அம்மா கண்ணை மூடும்வரை அம்மாதான் அவளுக்குக் கால். அதற்குப் பிறகு தம்பி தன் வீட்டுக்கு எவ்வளவோ கூப்பிட்டான். அவள் அசையவில்லை. தெருவைப் பார்த்த தரைத்தளத்து ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்து, பள்ளிச் சீருடை தைத்தாள், பேன்ட் நீளம் குறைத்தாள், ஜிப் மாற்றிக் கொடுத்தாள். அவளுடைய மிஷின் முழங்கையால் அழுத்தினால் ஓடும்.

தனியாக என்றாலும் அதற்குப் பின்னால் ஒருத்தி இருந்தாள். உடல் முடியாதவர்களுக்காக நடந்த ஒரு சங்கம் அனுப்பிய உதவியாள். நேரம் தவறமாட்டாள் என்பதால் பட்டப்பெயர் ‘ரயிலு’. காலையில் வந்து கதவைத் திறப்பாள். அக்காவின் அக்குளுக்கடியில் கை கொடுத்து, “பிடிச்சுக்குங்க மகாராணி, பல்லக்கு கெளம்புது” என்று ஒரே தூக்கில் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பாள். கழிப்பறை, குளியல், உடை. மறுபடி சாயங்காலம் வந்து படுக்க வைப்பாள். நடுவில் இருக்கும் பகல் முழுக்க அக்காவுடையது.

சங்கத்துக்கு வந்த பண உதவி நின்றது. சங்கம் கதவைச் சாத்தியது. ரயிலு அழுதபடி சொல்லிவிட்டு வெளியூர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள்.

தெரு விட்டுக்கொடுக்கவில்லை. கடைக்காரம்மா, எதிர்வீட்டு டீச்சர், இஸ்திரிக்காரர் மனைவி மூவரும் அக்காவின் வாசலிலேயே கூடி முறை போட்டுக்கொண்டார்கள். நாங்க இல்லையா என்று கடைக்காரம்மா கோபித்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் நன்றாகவே நடந்தது. பிறகு இஸ்திரிக்காரர் மனைவிக்குத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. டீச்சருக்குப் பரீட்சை நேரம். கடைக்காரம்மாவின் ‘இதோ வந்துட்டேன்’ நீண்டுகொண்டே போனது. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் சங்கடம். சம்பளத்துக்கு வருகிறவளிடம் ஏன் தாமதம் என்று கேட்கலாம். பிரியத்துக்கு வருகிறவர்களிடம் எந்த வாயால் கேட்பது? அக்கா கேட்கவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் யாருமே வரவில்லை. இன்னொருத்தி போயிருப்பாள் என்று ஆளாளுக்கு நினைத்துவிட்டார்கள். வெயில் ஜன்னல் வழியாக இறங்கிக் கட்டிலுக்கு வந்துவிட்டது. படுக்கை நனைந்து, அதற்கு மேலும் ஆகிவிட்டது. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவர் அவர். அக்கா ஒரு குரல் கொடுத்திருந்தால் உள்ளே வந்திருப்பார். அவள் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடந்தாள். நல்ல தையல்காரி, சொன்ன தேதிக்குக் கொடுப்பவள் என்றுதான் அவருக்கு அவளைத் தெரியும். அதுவாவது மிஞ்சட்டும்.

கடைக்காரம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றும் வேலையும் அக்கா தலையில்தான் விழுந்தது.

விஷயம் தெரிந்து தம்பி வண்டியோடு வந்து நின்றான்.

“கூடப்பொறந்தவன் நான் இருக்கும்போது எதுக்குக்கா இந்த நாறப் பொழப்பு? ஊரு என்னைத்தானே காறித் துப்பும்?”

“எனக்குப் பாசம் பத்தலைன்னு நான் சொன்னேனாடா? காலையில ஒரு கை வேணும். தூக்கி உக்கார வெச்சிட்டுப் போயிடணும். அவ்வளவுதான்.”

அவனுக்குப் புரியவில்லை. மூட்டை கட்டத் தொடங்கினான்.

தம்பியின் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தம்பி மனைவி தங்கமானவள். முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாள். மிஷினை வைக்க இடம் கேட்டபோது மட்டும், “நீங்க ஏன் கஷ்டப்படணும் அண்ணி, பேசாம ரெஸ்ட் எடுங்க” என்றாள். மிஷின் பால்கனியில் தார்ப்பாய்க்குள் போனது. இன்று எந்தத் துணி உடுத்த வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ரயிலு போன் செய்தாள். மூச்சிரைக்கப் பேசினாள். பழைய ஆட்கள் சேர்ந்து புதிதாக ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்களாம், அதே பகுதிக்கு அவளே திரும்பி வருகிறாளாம்.

“தரைத்தளத்துல உங்களுக்குன்னு ஒரு ரூம் இருந்தா போதும்க்கா. மத்ததை நான் பாத்துக்கறேன். அந்த ரூமு இருக்குல்ல?”

இல்லை. வீட்டுக்காரர் சுவரை இடித்து வண்டி நிறுத்த இடம் பண்ணிவிட்டதாக இஸ்திரிக்காரர் போன மாதமே சொல்லியிருந்தார். வேறு இடம் பார்க்கச் சொல்லித் தம்பியிடம் கேட்டால் அவன் முகம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். இறங்கிப் போய்த் தானே தேட அவளுக்கு வழியில்லை.

“என்னை மாதிரி வேற யாராவது இருப்பாங்கடி. அவங்களைப் பாரு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

தம்பி மனைவி தட்டோடு வந்தாள். போனில் யார் என்று கேட்டதற்கு, தெரிஞ்சவங்க என்றாள் அக்கா. தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து உருட்டினாள். அக்காவின் கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் மறந்து போயிருந்தது. நானே சாப்பிடுகிறேன் என்று சொல்ல நினைத்தாள். பிறகு அந்த உருண்டைக்கு வாயைத் திறந்தாள்.