98 களையவும்

அந்த வாரம் எனக்கு அது மூன்றாவது வீடு. மூன்றிலும் ஒரே வியாதி: விண்டோஸ் எக்ஸ்பி பாதியில் நின்றுவிடுகிறது, புதிதாகப் போட வேண்டும். கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் வாழ்க்கை என்பது நீலக்கோடு நகர்வதை வெறித்துக்கொண்டு முதுகு வலிக்க உட்கார்ந்திருப்பதுதான். பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

திருவனந்தபுரத்தில், கரமனை அக்ரஹாரத்தில் சாவித்ரி மாமியின் வீடு. கம்ப்யூட்டரைப் போட்டதும் பழைய விண்டோஸ் 98 வேண்டுமா, எக்ஸ்பி வேண்டுமா என்று கேட்டது. இப்படி இரட்டைக் குடித்தனம் வைத்துக் கொடுத்தவன் கல்ஃபுக்குப் போய்விட்டான். நான் அன்றுதான் முதல்முறை போகிறேன்.

“பேரு?” என்றார் மாமி.

“சற்குணம். பாறசாலைப் பக்கம்.”

“அப்போ தமிழா! வாசிக்கத் தெரியுமோ?”

“படிச்சது மலையாளம் ஸ்கூல்ல. ஆனா சர்ச்சுல வேதம் தமிழ்லதான் வாசிப்போம், மாமி.”

மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. காரியவட்டம் போய் யாரிடமோ தாள் வாங்கி வர வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, செய்ய வேண்டியதை ஒரு சீட்டில் தமிழிலேயே எழுதிக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

‘1. எக்ஸ்பி புதிதாகப் போடவும். 2. 98 களையவும்.’

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பழசு வேண்டாம் என்றால் வேலை பாதி. டிஸ்க் முழுவதையும் அழித்து ஒன்றாக்கி, எக்ஸ்பியை மட்டும் போட்டேன். மத்தியானம் மாமி திரும்பும்போது எல்லாம் முடிந்து, ஸ்கிரீனில் பச்சைப் புல்மேடு பளபளத்தது.

மாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “98 எங்கே?”

“களைஞ்சாச்சு.”

“களைஞ்சது சரி. எங்கே அது?”

மாமியின் தமிழ் சாஃப்ட்வேர் 98-இல்தான் ஓடுமாம். அதில்தான் யாரோ ஒருவருடைய ஆய்வேட்டைக் கூலிக்கு இரண்டு மாதமாக அடித்து வைத்திருக்கிறார். நூற்றெண்பது பக்கம். பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டியது திங்கட்கிழமை. அன்று வியாழன். காரியவட்டத்திலிருந்து வாங்கி வந்தது அதன் கடைசி அத்தியாயம்.

ஃபிளாப்பியில் எடுத்து வைத்திருந்தது முதல் முப்பது பக்கம் மட்டும். அழிந்ததை மீட்கத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். பூச்சி பூச்சியாக என்னென்னவோ வந்தது. ஒரு வரிகூட உருப்படியாக இல்லை.

“வைரஸ் தின்னுடுத்தோ?” என்றார் மாமி, மெல்ல.

ஆமாம் என்றிருந்தால் தீர்ந்தது. எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். இப்படி யாரும் வாயில் எடுத்துக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்று பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. சீட்டை எடுத்து நீட்டினேன்.

“நான்தான் அழிச்சேன், மாமி. எங்க பக்கம் களைஞ்சாச்சுண்ணா, தூரப் போட்டாச்சுண்ணு அர்த்தம்.”

மாமி சீட்டை வாங்கித் தன் கையெழுத்தையே இன்னொரு முறை வாசித்தார்.

“எங்காத்துல அரிசியைன்னா களைவோம். குப்பையெல்லாம் போக அலசி, சுத்தம் பண்ணி வைக்கச் சொன்னேன்.” சீட்டை இரண்டாக மடித்தார். “மலையாளத்துல எழுதியிருப்பேன். தமிழ்னு சொன்னேளேன்னு தமிழ்ல எழுதினேன்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது. மற்ற வீடுகளுக்கு வரவில்லை என்று போன் செய்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி அழித்தேன். 98-ஐ முதலில் போட வேண்டும், அதன் மேல்தான் எக்ஸ்பி. காலையிலிருந்து செய்தது அத்தனையும் வீண். மாமி தமிழ் சாஃப்ட்வேர் சிடியைத் தேடிக் கொண்டுவந்து வைத்தார், கூடவே காப்பியும்.

98 திறந்ததும் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கைப்பிரதிக் கட்டை என் மடியில் வைத்தார்.

“நீங்க வாசியுங்கோ, நான் அடிக்கறேன். முப்பத்தொண்ணுலேருந்து. புரியாத வார்த்தை வந்தா கேளுங்கோ.”

தாளைப் புரட்டித் தொண்டையைச் செருமினேன். மாமி கையை உயர்த்தி நிறுத்தினார்.

“புரிஞ்ச வார்த்தையா இருந்தாலும் கேளுங்கோ.”