வியர்த்த சுவர்

புதுக் கராஜின் கதவுக்கு மேலே, கான்கிரீட் விட்டத்தின் விளிம்பில் திரண்டு நின்ற நீர்த்துளி, விகென்த்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கனத்து அவன் தொப்பியின் மேல் விழுந்தது. அதே இடத்தில் அடுத்த துளி ஊறத் தொடங்கியது. மூலையில் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. வெளியே மீசையில் மூச்சு உறையும் குளிர். உள்ளே வெறும் சட்டையோடு நிற்கலாம். ஆனாலும் விட்டத்திலும் இரும்புக் கதவிலும் வடக்குச் சுவரின் கீழ் வரிசையிலும் ஒரே ஈரம்.

"என்ன மனுஷா, உன் அரண்மனை இன்னும் ஒழுகுதா?" அவன் மனைவி யாத்விகா வாசலில் நின்று கேட்டாள்.

"ஒழுகலை. வியர்க்குது."

"வியர்க்குறதுக்கு அது என்ன நாள் பூரா விறகு வெட்டிச்சா? சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலேருந்து தரோத்தாவை அனுப்புறாங்க, ஞாபகம் இருக்கில்ல?"

அவனுக்கு வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை. மகள் தரோத்தாவுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மருமகன் தூரத்தில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்ததால் தாயும் சேயும் இங்கே வருவதாகப் பேச்சு. குழந்தையின் நுரையீரலுக்குத் தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் கொடுப்பதற்கு இருந்ததோ ஒரே ஓர் அறை. அந்த அறையில் விகென்த்சியின் கடைசல் இயந்திரம் இருந்தது. அவன் அதில் நாற்காலிக் கால்களும் மாடிப்படிக் கம்புகளும் கடைவான். அந்தத் தூள் கதவிடுக்கில் நுழைந்து சமையலறை வெண்ணெய் வரைக்கும் போய்ச் சேரும். அடுப்பில் உலை ஏறுவதும் அந்த இயந்திரத்தால்தான். அதற்கென்று கோடை முழுதும் உழைத்து இந்தக் கராஜைக் கட்டினான். ஆனால் சுவிட்ச் பெட்டியின் மேல் தண்ணீர் சொட்டும் இடத்தில் மின் இயந்திரத்தை எப்படி ஓட்டுவது? சனிக்கிழமைக்குள் இது காயாவிட்டால் தரோத்தா பிள்ளையோடு போலத்ஸ்கில் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவாள்.

சுவரில் குறை இருக்கும் என்று அவனால் நம்ப முடியவில்லை. கட்டும்போது வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஓர் உருண்டையை உடைத்துக் காட்டியவன் அவன். களிமண்ணை உருண்டையாக்கிச் சூளையில் உருட்டினால் அது நெல் பொரிவதுபோல உப்பிக்கொள்ளும். உள்ளே ரொட்டியில் இருப்பதுபோலச் சின்னச் சின்னக் காற்றறைகள். அந்த உருண்டைகளைச் சிமெண்டில் சேர்த்து வார்த்தால் ஒரே ஆள் தூக்கக்கூடிய கல் கிடைக்கிறது. அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கிறது. ஆனால் உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் சந்து உண்டு. பூசாமல் விட்டால் காற்று சுவரின் ஊடாகவே சீட்டியடிக்கும். அதனால் இரண்டு பக்கமும் பூச்சு, வெளிப்புறத்தில் பாறையை உருக்கி இழைத்த கம்பளி.

"கம்பளியை உள்ளே ஒட்டினா ஆகாதா?" என்று கேட்டவர்களுக்கும் அவனிடம் பதில் இருந்தது. உள்ளே ஒட்டினால் அறைதான் கதகதப்பாக இருக்கும், சுவர் குளிர்ந்தே கிடக்கும். அறையின் நீராவி கம்பளிக்குள் புகுந்து அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகும். சட்டைக்கு மேலே போட வேண்டிய கோட்டை யாராவது சட்டைக்கு உள்ளே போடுவார்களா? வெளியே போர்த்தினால் சுவரும் நம்மோடு சேர்ந்து சூடாக இருக்கும்.

இதெல்லாம் சரிதான். ஆனால் அவனை ஒரு விஷயம் அரித்தது. கற்களை மூடியிருந்த பிளாஸ்டிக் உறை கிழிந்து, கீழ் வரிசைக்கான கற்கள் மழையில் நனைந்திருந்தன. அவசரத்தில் அவற்றைக் காயவிடாமலே வைத்துவிட்டான். அந்த வரிசைக்கு வெளியே கம்பளி ஒட்டுவதையும் வசந்தத்துக்குத் தள்ளிப்போட்டிருந்தான்.

பக்கத்து வீட்டு இப்பாலித் விரலால் சுவரைத் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"தம்பி, கல்லுக்குள்ள தண்ணி நிக்குது. உறைஞ்சா வெடிச்சிரும். பிரிச்சுப் போட்டுடு."

"நக்கிப் பார்த்தா தெரிஞ்சிடுமா அண்ணே?"

"நான் சொன்னா ஊரே கேட்கும். நீ மட்டும் கேட்கமாட்டே."

பிரித்தால் பூச்சு போகும், கம்பளி போகும், குளிர்காலமே போய்விடும். முதலில் சுவரையே கேட்டுவிடலாம் என்று விகென்த்சி முடிவு செய்தான். வடக்குச் சுவரின் கீழ் வரிசையை ஓரிடத்தில் துடைத்துக் காயவைத்து, அதன் மேல் கைக்குட்டை அளவு பாலித்தீன் தாளை வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டினான்.

"இது எதுக்கு?" என்றாள் யாத்விகா.

"தண்ணி கல்லுக்குள்ளேருந்து வந்தா தாளுக்குப் பின்னாடி கோத்து நிக்கும். அறைக் காற்றிலேருந்து வந்தா தாளோட இந்தப் பக்கம் நிக்கும். தாள் பொய் சொல்லாது."

"நீ ஒருத்தன்தான் சுவருக்கு வைத்தியம் பாக்குறே" என்றாள். ஆனால் காலையில் அவனுக்கு முன்னால் அவள்தான் கராஜில் நின்றாள்.

தாளின் முன்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் துளிகள். விகென்த்சி நாடாவை உரித்தான். பின்பக்கம் காய்ந்திருந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தான். குளிர்ச்சிதான், ஈரம் இல்லை. அவன் அப்படியே பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பிரிக்க வேண்டாம். கல் நல்லா இருக்கு."

"அப்போ தண்ணி எங்கேருந்துதான் வருது? வானத்துலேருந்தா?"

அதுதான் மிச்சமிருந்த கேள்வி. அவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துத் தரையோரமாகப் பிடித்தான். புகை நேராக எழவில்லை. தரைக்கு அடியில் கிழங்கு வைக்கும் நிலவறையின் மூடி இடுக்குப் பக்கமிருந்து சாய்ந்து, தரையோடு தவழ்ந்து, அடுப்பின் வாய்க்குள் போனது. மூடியைத் தூக்கினான். கீழேயிருந்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோசுப் பீப்பாயும் கலந்த ஈரமூச்சு எழுந்து அவன் மூக்குக்கண்ணாடியை மூடிவிட்டது.

நிலவறைக்கு இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று வெளிக்காற்றை உள்ளே விடும். மற்றது ஈரக்காற்றைக் கூரைக்கு மேலே அனுப்பும். கீழே இறங்கி, மேலே போகும் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினான். சுடர் குழாய்க்குள் இழுபட வேண்டும். அது நேராக நின்றது.

விகென்த்சி ஏணியைச் சுவரில் சாய்த்தான்.

"கூரையில ஏறாதே, வழுக்கும்" என்றாள் யாத்விகா.

"நேத்துதானே பனியைத் தள்ள ஏறினேன்? அப்போ ஒண்ணும் சொல்லலையே!"

அவன் ஏறிவிட்டான். குழாயின் வாயில் வெள்ளைத் தாடிபோலப் பனிப்படலம் தொங்க வேண்டும். அது உள்ளே மூச்சு ஓடுகிறது என்பதற்கு அடையாளம். இங்கே மழமழவென்று ஒரு பனிக்குல்லாய்தான் இருந்தது. அதைத் தட்டிவிட்டு உள்ளே கைவிட்டு இழுத்தான். பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி ஒன்று கையோடு வந்தது. அவன் அதைக் கீழே நின்றவளுக்கு விரித்துக் காட்டினான்.

"கிழங்கு உறைஞ்சிடும்னுதான்..." யாத்விகாவின் குரல் இறங்கியிருந்தது. "குளிர் மைனஸ் இருபதைத் தாண்டினா எங்க வீட்டுல குழாயை அடைக்கிறதுதானே வழக்கம்."

வேலிக்கு அந்தப் பக்கம் இப்பாலித் சிரித்தார். "என் குழாயிலயும் என் பழைய கால்சட்டைதான் இருக்கு தாயி!"

"நான் ஒரு வாரமா உன்னைத் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள். "நீ ஒரு தடவை திட்டிடு. கணக்குத் தீரும்."

விகென்த்சி இறங்கினான். திட்டத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அந்தப் புகை அடுப்பை நோக்கித் தவழ்ந்தது கண் முன்னால் வந்தது.

"திட்ட முடியாது. பாதித் தப்பு என்னுது. அடுப்பு எரியக் காற்று வேணும். கதவு, ஜன்னல் எல்லா இடுக்கையும் நான்தான் கம்பளி வச்சு அடைச்சேன். அதுக்கு வேற வழியில்லாம நிலவறையிலேருந்து உறிஞ்சியிருக்கு. நீ அந்த ஈரம் வெளியே போற வழியை அடைச்சே. நான் அதை உள்ளே இழுத்தேன்."

"அப்போ என் கிழங்கு?"

"மேலே தரை சூடா இருக்கு. இனிமே குளிர் அவ்வளவு கீழே இறங்காது. நம்பலைன்னா ஒரு வெப்பமானி தொங்கவிடு, தினமும் பாரு."

அவள் உடனே போய்த் தொங்கவிட்டாள்.

அன்றே அடுப்புக்குப் பின்னால் சுவரைத் துளைத்து அதற்கென்று தனியாக ஒரு காற்றுக்குழாய் வைத்தான். நிலவறை மூடியின் விளிம்பில் கம்பளிப் பட்டை ஒட்டினான். மறுநாள் புகை மூடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கும் மறுநாள் விட்டத்தில் கைவைத்தபோது கையில் சிமெண்டுத் தூள்தான் ஒட்டியது. கடைசல் இயந்திரத்தைச் சறுக்கு வண்டியில் கட்டி அவனும் இப்பாலித்தும் முற்றத்தின் குறுக்கே இழுத்தார்கள். "நக்கிப் பார்த்தப்பவே கல் நல்லதுன்னு தெரிஞ்சுது" என்று இப்பாலித் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். யாத்விகா வீட்டில் காலியான அறையின் கூரை, சுவர், தரை, ஜன்னல் கட்டை எல்லாவற்றையும் கழுவி, காய்ந்ததும் மறுபடியும் கழுவினாள்.

சனிக்கிழமை கார் வந்து நின்ற சத்தம் விகென்த்சிக்குக் கேட்கவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, பிர்ச் மரச் சுருள்கள் காய்ந்த தரையில் குவிந்துகொண்டிருந்தன. நிமிர்ந்தபோது வீட்டு ஜன்னலில் தரோத்தா கையசைத்தாள். அவள் தோளில் சின்னதாக ஒரு கம்பளிப் பொட்டலம். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடினான்.

யாத்விகா வாசற்படியிலேயே மறித்தாள்.

"அங்கேயே நில்லு. உதறு."

அவன் பனியில் நின்று தொப்பியையும் சட்டையையும் தட்டினான்.

"மீசையையும்!"

அவன் மீசையையும் தட்டினான். உள்ளே யாரோ பூனைக்குட்டி மாதிரித் தும்முவது கேட்டது. அவன் பதறிப்போய் நின்றான்.

"அது பால் மூக்குல ஏறினது" என்றாள் யாத்விகா. "இன்னும் ஒரு தடவை உதறிட்டு, வா உள்ளே."